மெதுவாக மிதித்தால் கத்தும் வண்டி

என் கணவர் ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய கார் வாங்கினார். பூந்தமல்லியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு பாயிடம் வாங்கியது. சாம்பல் நிறச் சின்ன வண்டி. பாய் அதைத் தன் பிள்ளையைப் போல வைத்திருந்தார் என்று இவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பாயின் சொந்தப் பிள்ளைகள் பின் கண்ணாடி முழுக்க ஒட்டியிருந்த மினுமினுப்பு நட்சத்திரங்களை நான்தான் உட்கார்ந்து சுரண்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் வெளியே வந்து பானெட்டின் மேல் கை வைத்து ஜெபித்தார். போகும்போதும் வரும்போதும் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அங்கிருந்து கிளம்பி, கோவில்பதாகையில் எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் இவர் பிரேக்கை மிதித்தார். வண்டி கத்தியது.

சாதாரணக் கத்தல் இல்லை. எவர்சில்வர் தட்டை முள்கரண்டியால் இழுத்தால் பல் கூசுமே, அப்படி. நான் எங்கள் சபையின் பாடகர் குழுவில் ரொம்ப காலமாக ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், பாடுகிறவள். எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அது எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று மனம் தானாகத் தேடிப் போகும். கிறிஸ்துமஸ் பாட்டில் ஒரு இடத்தில் மேல்குரல் எடுக்கும் சோப்ரானோ பெண்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு மேலே எட்டிப் பார்ப்பார்கள், எட்டாது. இந்த வண்டி அதற்கும் மேலே போய் அசையாமல் நின்றது.

“என்னங்க, பிரேக்கு கத்துது” என்றேன்.

“எங்க?”

“இப்பதான். நீங்க மிதிச்சப்போ.”

“ஒன்னும் கத்தல. ரோட்டுல மண்ணு கிடக்குது, அது டயருல அரைபடுற சத்தம்.”

இவர் வாங்கிய பொருளைக் குறை சொன்னால் இவரையே குறை சொன்ன மாதிரி. முன்பு ஒரு தடவை தெரிந்தவரிடம் ஒரு மிக்ஸி வாங்கி வந்தார். ஸ்விட்சைப் போட்டால் அது சமையல் மேடையில் நடந்துபோகும். இவர் அதற்கடியில் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, பவர் உள்ள மோட்டார் என்றால் அப்படித்தான் என்றார். அதனால் இந்த விஷயத்திலும் அவர் பொய் சொல்கிறார் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை.

சத்தம் நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டே வந்தது. தெரு முனையில் படுத்திருக்கும் நாய், எங்கள் வண்டி திரும்பும்போதெல்லாம் எழுந்து தலையைத் தூக்கி ஊளையிட ஆரம்பித்தது. பால் பாக்கெட் போடுகிறவர் காதைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அமைதியாக உட்கார்ந்திருப்பார். அந்த நாய்க்கு நம் வண்டியைக் கண்டாலே ஆகவில்லை, பழைய ஓனர் பக்கத்தில் ஏதோ பகை இருக்கும் என்று ஒருநாள் சொன்னார். பூந்தமல்லி பாய்க்கும் கோவில்பதாகை நாய்க்கும் என்ன பகை இருக்க முடியும் என்று நான் கேட்டேன்.

நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால், என் திருப்திக்காக என்று சொல்லி வண்டியைச் சரிபார்க்க ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். நம்பர் பிளேட்டின் திருகாணியை இறுக்கினார். சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு பேனா மூடியும் கொஞ்சம் வேர்க்கடலைத் தோலும் எடுத்துக் காட்டி, இதுதான் உருண்டிருக்கும் என்றார். பிரேக் பக்கம் மட்டும் அவர் கை போகவே இல்லை. இத்தனைக்கும் இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகட்டை அடித்து வடிவம் எடுக்கும் மெஷின்களுக்கு நடுவிலேயே வேலை பார்த்தவர். மெஷின் பேசினால் எனக்குப் புரியும் என்பார்.

சாட்சி வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் குழுவில் சோப்ரானோ பாடும் என் தோழி ஒருத்தி இருக்கிறாள். ஆவடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள். பயிற்சி முடிந்ததும் வீட்டில் விடுகிறோம் என்று சொல்லி அவளை வண்டியில் ஏற்றினேன். பின்சீட்டில் உட்கார்ந்ததும் அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள். அவளுக்கு நான் முன்பே சொல்லிவைத்திருந்தேன்.

இவருக்கும் அது தெரிந்துவிட்டது. “பிரேக்கு தான பாக்கணும்? பாத்துக்கோங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு, காலியாக இருந்த நேர் ரோட்டில் வேகமெடுத்து, பிரேக்கை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். டீச்சரின் கைப்பை பறந்து முன்னால் வந்து என் மடியில் விழுந்தது. டீச்சர் என் சீட்டின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றது.

“பிரேக் நல்லாத்தான்டி பிடிக்குது” என்றாள் அவள், மூக்குக் கண்ணாடியைத் தேடியபடி.

இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவதற்காக மெல்ல மிதித்தபோது அது கத்தியது பாருங்கள், மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கீழே எட்டிப் பார்த்தார். டீச்சர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். இவர் திரும்பி, “பாத்தீங்களா, ஒன்னும் இல்ல” என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

டீச்சர் இறங்கும்போது என் கையை அழுத்திப் பிடித்தாள். ஆம்பிளைகள் தோற்றுப்போனால் இப்படித்தான் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பார்கள், நீ விட்டுக்கொடுக்காதே என்று கிசுகிசுத்தாள்.

அடுத்ததாக, இவருடைய போனிலிருந்து எண்ணை எடுத்து பாய்க்கே போன் செய்தேன். அவர் பாவம், பதறிப்போனார். தனக்கு அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை, வண்டியில் ஏறினால் பிள்ளைகள் பாட்டைப் போட்டுவிடுவார்கள், அதற்கப்புறம் வெளியே இடி விழுந்தாலும் தெரியாது என்றார். நம்பி வாங்கியவர்களுக்கு மனக்கஷ்டம் வரக்கூடாது என்று சொல்லி, நூம்பலில் ஷெட் வைத்திருக்கும் தன் மச்சானிடம் காட்டும்படி வழி சொன்னார். தானும் பேசிவிடுவதாகச் சொன்னார்.

என் கணவரிடம் ஆயில் மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஆயில் விஷயத்தில் அவருக்கு மறுப்பு இல்லை.

ஷெட் ஒரு வேப்ப மரத்தடியில் தகரக் கூரையோடு இருந்தது. பாயின் மச்சான் கலகலப்பான மனிதர். எதைக் கேட்டாலும் உடனே ஒரு பதில் வைத்திருப்பார். நான் சத்தத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அது வீல் பேரிங் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இவரை முன்னால் உட்கார வைத்துத் தானே வண்டியை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். குத்தம்பாக்கம் போகும் பக்கம் அகலமான ரோட்டுக்குக் கொண்டுபோய், என் கணவரைப் போலவே ஓங்கி மிதித்தார். வண்டி வாயை மூடிக்கொண்டது.

“ஒன்னியும் இல்லியேக்கா” என்றார்.

என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெல்லிசாகச் சிரித்தார்.

“அப்படி மிதிச்சா கத்தாது. மெதுவா மிதிங்க” என்றேன்.

மெக்கானிக் மெதுவாக மிதித்தார். வண்டி தன் சுரத்தைப் பிடித்தது. அவர் தோள்கள் இரண்டும் காது வரைக்கும் ஏறின.

“ஐயய்யோ. இன்னாக்கா இது, ஆட்டுக்குட்டிய மிதிச்ச மாதிரி கத்துது.”

“எங்கப்பா?” என்றார் என் கணவர்.

“இன்னா சார் எங்கன்றீங்க, உங்க காலாண்டதான் கத்திகினு கீது.”

எனக்கு உள்ளே அப்படி ஒரு குளிர்ச்சி. இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும் என்று இருந்தது. என் கணவர் மட்டும் மெக்கானிக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்துவிட்டார்.

பேரிங் என்ற தீர்ப்பு ஷெட்டுக்கு வரும் வழியிலேயே மாறி, பின் சக்கரத்து பிரேக் டிரம் என்று ஆகியிருந்தது. சத்தம் முன்னாலிருந்து, இடது பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று நான் சொன்னேன். பொம்பளை பேச்சு என்று அவர் ஒதுக்கவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை. பின் சக்கரம் இரண்டையும் கழற்றினார். உள்ளே கறுப்புத் தூசி மட்டும் இருந்தது. வலது முன் சக்கரத்தைக் கழற்றினார், அங்கேயும் ஒன்றும் இல்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் இடது முன் சக்கரத்துக்கு வந்தார்.

அதிலிருந்து எடுத்த பிரேக் பேடைத் துடைத்து என்னிடம் காட்டினார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. மட்டமான பேடை யாரோ மாட்டியிருக்கிறார்கள், அது சூடேறி மேல்பக்கம் கெட்டியாகிவிட்டது, மெதுவாக மிதித்தால் டிஸ்க்கைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு கத்துகிறது, ஓங்கி மிதித்தால் பிடித்துக்கொள்வதால் அடங்கிவிடுகிறது என்றார். பிறகு, முதலில் இருந்தே தனக்கு அந்தச் சந்தேகம் இருந்தது என்றும் சொல்லிக்கொண்டார். நான் மறுக்கவில்லை. புதுப் பேடு மாட்டி, டிஸ்க்கை உப்புத்தாளால் தேய்த்து, எல்லாச் சக்கரத்தையும் திரும்பப் பூட்டினார்.

மறுபடி மூவரும் கிளம்பினோம். மெக்கானிக் பூனை மேல் கால் வைக்கிற மாதிரி பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஓட்டினார். ஒரு சத்தமும் இல்லை. மூன்று நான்கு தடவை நிறுத்திப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வண்டி நின்றது. பெருமையோடு என் கணவர் பக்கம் திரும்பினார்.

“இன்னா சார், இப்போ கேக்குதா?”

என் கணவர் கொஞ்சம் யோசித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கேக்குதுப்பா” என்றார். “நல்லாவே கேக்குது. ஆனா முன்னைக்கு கொஞ்சம் குறைஞ்சிருக்கு.”

மெக்கானிக் மெல்ல இன்னொரு தடவை மிதித்தார்.

“இதோ, இப்ப கூட” என்றார் என் கணவர், உதவி செய்கிற குரலில். “இடது பக்கம்.”

மெக்கானிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆனாலும் அவருக்கு இப்போது தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஷெட்டுக்குத் திரும்பியதும் சுண்டுவிரலை விட்டு இரண்டு காதுகளையும் குடைந்துகொண்டார். பிறகு ஒன்றும் சொல்லாமல் இடது முன் சக்கரத்தை மறுபடி கழற்ற உட்கார்ந்தார்.

நான் இவரை வேப்ப மரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

“ஏன் கேக்குதுன்னு சொன்னீங்க? அந்த ஆளு திரும்ப கழட்டிட்டு இருக்காரு பாருங்க.”

“நீதான் கேக்குதுன்ன. டீச்சரு காதப் பொத்திக்கிச்சு. இந்த ஆளும் கத்துதுன்றான். எல்லாரும் சொல்றீங்க, நான் ஒருத்தன் இல்லன்னா நல்லாவா இருக்கும்? கேக்குதுன்னு சொல்லிட்டா விட்டுடுவீங்கன்னு பாத்தேன்.”

“இப்பதாங்க கேக்கல. சரி பண்ணியாச்சு.”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்போ இத்தன நாளும் உங்களுக்குக் கேக்கவே இல்லையா?”

“நான் மொதல்லேர்ந்தே அதத்தானம்மா சொல்லிட்டு இருக்கேன்” என்றார்.

கோபம் இல்லை அவர் குரலில். கொஞ்சம் அலுப்பு இருந்தது. அவ்வளவுதான்.

நாங்கள் நின்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில் காற்றடிக்கும் மெஷினின் ரப்பர்க் குழாய் ஒன்று ஓட்டை வழியாக விடாமல் சீறிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து அது எனக்கு எரிச்சலாகவே இருந்தது. “அந்தக் குழாயில ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே, அது கேக்குதா?” என்று கேட்டேன்.

அவர் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “எந்தச் சத்தம்?” என்றார்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் அதைக் கேட்டுவிட்டார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்து மெஷினை நிறுத்தினார். பிறகு என் கணவரின் முகத்துக்கு நேராகக் குனிந்து, எதிர்க் கடைக்கே கேட்கும்படி, “சார், டீ சாப்பிட்றீங்களா?” என்று கத்தினார்.

“ஏம்பா கத்துற? எனக்கு காது நல்லா கேக்குது” என்றார் என் கணவர்.

அதுவும் பொய் இல்லை என்று அம்பத்தூரில் காது பரிசோதிக்கும் இடத்தில்தான் தெரிந்தது. அங்கே போக அவர் லேசில் சம்மதிக்கவில்லை. என் தங்கை பேசினாள், எங்கள் மகள் கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசினாள். கடைசியில் போதகர், பரிசோதனை செய்துகொள்வதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் சட்டையைப் போட்டார்.

கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். பரிசோதனை செய்த பெண் எங்கள் மகள் வயதுதான் இருப்பாள். இவர் தேர்வு எழுதப் போகிறவர் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டார். பெயில் ஆகக்கூடாது என்று முடிவு செய்திருந்தார் போலிருக்கிறது, உள்ளே போன நிமிடத்திலிருந்து அமுக்கிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் இன்னும் மெஷினையே ஆரம்பிக்கவில்லை. அவள் கதவைத் திறந்து, “ஐயா, கேட்டா மட்டும் அமுக்குங்க, இதுல மார்க் எல்லாம் கிடையாது” என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். அதன்பிறகு அவர் ஒழுங்காக உட்கார்ந்தார். அமுக்கினார், அமுக்கினார், பிறகு வெகுநேரம் அமுக்கவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஏதாவது வருமா என்று காத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாழ்ந்த சத்தமெல்லாம் அவருக்கு நன்றாகவே கேட்கிறது, உயர்ந்த சத்தங்கள்தான் போய்விட்டன என்றாள் அந்தப் பெண். பேரிரைச்சலில் நெடுங்காலம் வேலை பார்த்தவர்களுக்கு இப்படித்தான் முதலில் மேலே இருந்து போகும், கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் தங்களுக்கே தெரியாது என்று விளக்கினாள். பிரஸ் ஷாப்பில் காதுக்கு ஏதாவது வைப்பீர்களா என்று அவள் கேட்டதற்கு, பஞ்சு வைப்போம், மேஸ்திரி கூப்பிடுவது கேட்கவில்லை என்று திட்டுவார், அதனால் எடுத்துவிடுவோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

காதுக் கருவி வந்த முதல் வாரம் வீடு நரகமாக இருந்தது. ஃப்ரிட்ஜ் பேசுகிறது என்றார். பிளாஸ்டிக் பையை மடித்தால் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தார். தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டு யாரோ பின்னால் வருகிறார்கள் என்று வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். மிக்ஸியைப் போட்டதும் அதைக் கையில் தூக்கிக்கொண்டு போய், இதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்து வெளியே வந்ததும் டீச்சரைக் காட்டி, “அவங்க மேல போறப்போ பிசிறுது, சொல்லிடட்டுமா?” என்று என்னிடம் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டிக்கு வந்தேன்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒருநாள் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு ஏரிக்கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. இருட்டத் தொடங்கும் நேரம். ஜன்னலை இறக்கியிருந்தோம். திடீரென்று இவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“ஏதோ சத்தம் வருது” என்றார். “உனக்குக் கேக்குதா?”

“என்ன சத்தம்?”

“இன்ஜின் பக்கம். விடாம இழுத்துட்டே இருக்குது. பெல்ட்டா இருக்கும்.”

சொன்னபடியே இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார். போனில் வெளிச்சம் அடித்து, குனிந்து, ஒரு பக்கமும் மறுபக்கமும் காதைக் காட்டினார். பிறகு வந்து சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். மறுபடி முன்னால் போய் நின்றார்.

“ஆஃப் பண்ணியும் நிக்கலையே” என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நானும் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். கரை முழுக்க, புல்லுக்குள்ளே, தண்ணீர் ஓரமாக, எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

“சில்வண்டுங்க” என்றேன்.

அவர் நம்பவில்லை. பானெட்டை மூடினார். ரோட்டைத் தாண்டிக் கரை வரைக்கும் நடந்து போனார். சத்தம் அங்கே இன்னும் கூடியிருக்க வேண்டும். கருவியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். நான் வண்டியில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மாட்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

“தினமும் இப்படித்தான் கத்துதா?”

“மழை பெஞ்சா இன்னும் கொஞ்சம் கூடக் கத்தும்.”

“எவ்ளோ சத்தம்” என்றார். “எப்படித்தான் எல்லாரும் தூங்குறீங்களோ.”

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். சாவியைத் திருப்பவில்லை. ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டார். பின்னால் வந்த ஒரு ஷேர் ஆட்டோ எங்களைத் தாண்டிப் போனது. போகலாம் என்று நான் சொல்லவில்லை.